உப்புத் தண்ணீர், புயல், கத்திரி வெயில்: கடலூர், புதுச்சேரி நண்பர்களின் கேள்விகளுக்கு என் பதில்கள்

கடலூருக்கு மேற்கே, கெடிலம் ஆற்றை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர். வாழை, கத்திரி, பந்தல் காய், கொஞ்சம் நெல். உழவர் சந்தையிலும் விற்கிறேன், பதினான்கு வீடுகளுக்கு நேராகவும் கொடுக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் என் அனுபவத்துக்கு எட்டியவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, முத்தியால்பேட்டையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். போர் தண்ணீர்தான். கத்திரி இலை ஓரமெல்லாம் கருகுகிறது. நோயா?

நோய் இல்லைம்மா, உப்பு. தொட்டி மண்ணின் மேலே விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கரையோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. செடி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு இன்னும் சேரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அடியில் நன்றாக வடியும்வரை ஊற்றிக் கழுவிவிடுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதற்கு அதுதான் நல்லது.

தென்னை நார்க் கழிவிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு கலக்குங்கள். பீன்ஸ், கேரட், வெங்காயம் எல்லாம் உங்கள் தண்ணீருக்குத் தாங்காது. பாலக், பீட்ரூட், பருப்புக்கீரை தாங்கும்.

வணக்கம் அம்மா. கிள்ளை பக்கம் ஒன்றரை ஏக்கர் சும்மா கிடக்கிறது, உப்பு மண். ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

தம்பி, முதலில் மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள். உவர் வேறு, களர் வேறு. உவர் மண்ணில் கரையக்கூடிய உப்பு இருக்கிறது, நல்ல தண்ணீர் தேக்கி வடித்தால் போய்விடும். அதற்கு ஜிப்சம் வீண் செலவு. களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும், தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும். அதற்குத்தான் ஜிப்சம்.

இரண்டுக்கும் பொதுவான மருந்து தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரப் பயிர். ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கிற சமயம் மடக்கி உழுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் கடல் நீர் ஏறிய வயல்களில் இயற்கை விவசாயம் சொல்லித்தந்த நம்மாழ்வார் ஐயா விவசாயிகளோடு நின்று இந்த வழியில்தான் நிலத்தை மீட்டார். கொட்டுகிற ஐப்பசி மழையை வரப்பு உயர்த்தித் தேக்குங்கள், வடிகாலில் விடுங்கள், மறுபடி தேக்குங்கள். முதல் வருடம் விளைச்சலைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நெல் என்றால் திருச்சி ரகங்கள் உண்டு, நாட்டு ரகத்தில் குழிவெடிச்சான் உப்பு தாங்கும்.

குறிஞ்சிப்பாடி பக்கம் சம்பா நட்டால் ஏதாவது ஒரு வருடம் முழுகிவிடுகிறது. என்ன செய்வது அக்கா?

முழுகும் என்றே கணக்குப் போட்டு நடுங்கள். சிஆர் 1009 சப்-1 ரகம் இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் இருந்தாலும் திரும்பித் தழைக்கும். உயரமாக வளர்கிற மாப்பிள்ளைச் சம்பா பள்ள நிலத்துக்குப் பழகினது. ஆனால் காற்றில் சாயும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் வடிந்ததும் பயிர் மஞ்சளாக நிற்கும். பயந்து உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வீசுங்கள். வேளாண்மைத் துறை சொல்கிற அளவு இது.

பயிர்க் காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. புயல் அதற்குப் பின்னால்தான் வருகிறது. 2011 ‘தானே’ புயல் டிசம்பர் 30, 2020 நிவர் நவம்பர் 25, 2024 ஃபெஞ்சல் நவம்பர் 30.

உள்ளூர் விவசாயிகளை ஆதரிக்கணும் என்று ஆசைதான். உழவர் சந்தைக்குப் போவதைத் தவிர நாங்கள் வேறென்ன செய்ய முடியும்? (மஞ்சக்குப்பம்)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிறையவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். இடைத்தரகர் இல்லை, கடைக்கு வாடகை இல்லை. விலையை மொத்த விலைக்கு மேலேயும் சில்லறை விலைக்குக் கீழேயும் வைத்து எழுதிப் போடுவார்கள். எங்களுக்கு அது பெரிய பலம், தொடர்ந்து வாருங்கள். ஆனால் சந்தைக்குக் கொண்டுவரக் காய் இருந்தால்தானே விலை? புயலடித்த வாரம் எங்களிடம் விற்க ஒன்றும் இருக்காது. உங்களுக்கு வெளியூர்க் காய் லாரியில் வந்துவிடும், எங்களுக்கு அந்த மாதமே போய்விடும்.

ஃபெஞ்சல் அடித்து ஓய்ந்து, விடிந்து போய்ப் பார்த்தால் வாழை மொத்தமும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. தார் முக்கால் பருவம்கூட வரவில்லை. முட்டுக் கொடுத்த சவுக்குக் கழியெல்லாம் நடுவில் முறிந்திருந்தது. நாங்கள் நேராகக் காய் கொடுக்கிற பதினான்கு வீடுகளும் மாதம் 1,200 ரூபாய் முன்பணமாகக் கட்டுகிறவர்கள், வாரம் ஒரு பை காய் போகும். பணத்தைத் திருப்பித் தரலாம் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இரண்டாவதாகப் பேசிய அம்மா, "என்ன கிடக்குதோ அதையே அனுப்புங்க அக்கா" என்றார். சாய்ந்த மரத்தை வெட்டி, பட்டையை உரித்து, தண்டை முழ நீளத்துக்கு நறுக்கி, இரண்டு பூ, ஒரு சீப்புப் பிஞ்சுக் காய் என்று கட்டி அனுப்பினேன். மூன்று வாரம் அதுதான். பதினான்கு வீட்டில் பன்னிரண்டு வீடு அப்படியே நின்றது. தையில் கத்திரி நாற்று வாங்கியது அந்தப் பணத்தில்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். நாலைந்து வீடாகச் சேர்ந்து ஒரு விவசாயியோடு வருடம் முழுக்கப் பேசிக்கொள்ளுங்கள். பணத்தை முன்னால் கொடுங்கள். அடைமழையில் தக்காளி கேட்காதீர்கள், எங்கள் மண்ணில் அப்போது அது அழுகும். பந்தலில் தப்பியிருக்கிற கோவைக்காய், புடலை, அப்புறம் மேட்டில் விட்டு வைத்த மரவள்ளி, இவற்றைச் சமையுங்கள். கோணல் கத்திரியை ஒதுக்காதீர்கள், ருசி ஒன்றுதான்.

இயற்கைக் காய் என்று சொல்லித் தருவதை எப்படி நம்புவது?

தோட்டத்துக்கு வாருங்கள், சொல்லாமலே வாருங்கள். காகிதம் வேண்டுமென்றால், அக்கம்பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்று தரும் பி.ஜி.எஸ். முறை இருக்கிறது. செலவு குறைவு.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் புதுசாகப் பலா வைக்கப் போகிறேன். தானே புயலில் எங்கள் தாத்தா வைத்த மரங்கள் போனதைப் பார்த்தவன். எப்படி வைத்தால் நிற்கும் அம்மா?

அந்த வலி எனக்கும் தெரியும் கண்ணு. எங்கள் மாமனார் வைத்த நாலு பலாவும் ஒரே ராத்திரியில் வேரோடு வந்துவிட்டன. எந்த மரமும் நிற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

நட்ட இடத்திலேயே கொட்டை ஊன்றி வளர்த்தால் ஆணிவேர் நேராக இறங்கும், பிடிமானம் அதிகம். காய்க்கத்தான் வருடமாகும். ஒட்டுச் செடி என்றால் பையில் வேர் சுருண்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர்-1 நம் பக்கத்துக்குப் பழகிய ரகம். காற்று வரும் பக்கம் இரண்டு வரிசை சவுக்கு வையுங்கள். புரட்டாசிக்குள் அடர்ந்த கிளையைக் கழித்துவிடுங்கள், காற்று உள்ளே புகுந்து வெளியே போகட்டும். சின்ன மரம் சாய்ந்தால் வேர் காய்வதற்குள், ஓரிரு நாளில், கிளையை வெட்டிப் பாரத்தைக் குறைத்து, நிமிர்த்தி மண் அணைத்து முட்டுக் கொடுங்கள்.

கத்திரி வெயிலில் வீட்டுத் தோட்டத்தில் எதுவும் தங்குவதில்லையே?

கொத்தவரை, வெண்டை, காராமணி தங்கும். கீரைக்கு 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். வேர்க்கடலைத் தொலி, வைக்கோல், எது கிடைத்தாலும் நாலு விரல் உயரத்துக்கு மூடாக்குப் போட்டு, சாயங்காலம் தண்ணீர் விடுங்கள். தக்காளியை மே மாதத்தில் விட்டுவிடுங்கள், அந்தச் சூட்டில் பூ கொட்டும்.

காலாப்பட்டில் படிக்கிறேன் அக்கா. விவசாயம் கற்றுக்கொள்ள எங்கே போவது?

புதுச்சேரியில் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி தருகிறார்கள். கடலூர் மாவட்டத்துக்கு விருத்தாசலம். உனக்குப் பக்கத்திலேயே ஆரோவில் இருக்கிறது. 1968-இல் ஆரம்பித்தபோது அது அரித்துப்போன செம்மண் பொட்டல். வரப்பு கட்டி மழை நீரை நிறுத்தி, மரம் வைத்து மாற்றினார்கள். அங்குள்ள பண்ணைகளுக்குப் போய் முதலில் வரப்பைப் பார், பயிரை அப்புறம் பார்க்கலாம்.

நாட்டுக் கத்திரி விதை உங்களிடம் கிடைக்குமா? நாங்களே எடுத்து வைக்கவும் சொல்லித் தாருங்கள்.

கிடைக்கும். நோய் இல்லாத செடியில், நடுக்காய்ப்பில் வந்த ஒரு காயைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். மஞ்சளாகப் பழுத்து, தொட்டால் மெத்தென்று ஆனதும் அறுத்து, சதையோடு தண்ணீரில் பிசையுங்கள். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய விதையை அலசி, நிழலில் துணிமேல் பரப்பிக் காய வையுங்கள். அப்புறம் சலித்த அடுப்புச் சாம்பல் கலந்து துணியில் முடிந்து, காற்று புகாத டப்பாவில் வைத்தால் அடுத்த ஆடிப்பட்டத்துக்குத் தாராளமாக முளைக்கும். என்னிடம் இந்த வருடம் பச்சை வரிக் கத்திரி இருக்கிறது. சந்தைக்கு வரும்போது சின்னக் காகித உறை ஒன்று கொண்டுவாருங்கள், ஒரு சிட்டிகை போட்டுத் தருகிறேன்.