வாசகர் கேள்வி – பதில்: லேசர் பிரிண்டரின் ஃபியூசரை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

லேசர் பிரிண்டரில் டோனர் பொடியைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் தாளில் பதிக்கும் பாகமான ஃபியூசர் குறித்துப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் அச்சாகும் எழுத்துகள், விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்கின்றன. அதோடு, தாளின் வலப்பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சீரான இடைவெளியில் ஒரு கறுப்புப் புள்ளி திரும்பத் திரும்ப விழுகிறது. ஃபியூசர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பழுது பார்ப்பவர் சொல்கிறார். தேய்ந்த பாகங்களை மட்டும் வாங்கி நானே மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் ஒரே பழுதிலிருந்துதான் வருகின்றன என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

டோனர் என்பது நிறமேற்றிய பிளாஸ்டிக் பொடி. ஃபியூசரை அடையும் வரை அது மின்னூட்டத்தின் பிடியில்தான் தாளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ரோலரின் அழுத்தமும் சேர்ந்துதான் அதை உருக்கித் தாளின் இழைகளில் பதிக்கின்றன. எழுத்து உதிர்கிறது என்றால் வெப்பமோ அழுத்தமோ போதவில்லை என்று பொருள். அதற்குக் காரணம் ஃபியூசரின் தேய்மானமாக இருக்கலாம், தாளாகவும் இருக்கலாம். ஆகவே முதலில், கணினியில் அச்சிடும் அமைப்புகளைத் திறந்து, தாளின் வகை என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தடித்த தாளை வைத்துவிட்டுச் சாதாரணத் தாள் என்றோ மெல்லிய தாள் என்றோ குறித்திருந்தால், இயந்திரம் அதற்கேற்பக் குறைந்த வெப்பத்தையே கொடுக்கும். ஈரம் ஏறிய தாளும் இதே தொல்லையைத் தரும். ஃபியூசரின் வெப்பத்தில் ஒரு பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. புதிதாகப் பிரித்த கட்டிலிருந்து தாள் எடுத்து, தடித்த தாள் என்ற அமைப்பில் ஒரு பக்கம் அச்சிட்ட பிறகும் எழுத்து உதிர்ந்தால், அதன் பின் ஃபியூசரைச் சந்தேகியுங்கள். பக்கம் முழுவதும் சமமாக உதிராமல் ஓர் ஓரத்தில் மட்டும் உதிர்ந்தால், ரோலரை அழுத்தும் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்திருக்கக்கூடும்.

புள்ளியின் கதை வேறு. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தொலைவை மில்லிமீட்டரில் அளந்து 3.14 ஆல் வகுத்தால், அதை உண்டாக்கும் உருளையின் விட்டம் கிடைக்கும். இடைவெளி 94 மி.மீ. என்றால் விட்டம் சுமார் 30 மி.மீ.; 75 மி.மீ. என்றால் சுமார் 24 மி.மீ. சிக்கல் என்னவென்றால், சில இயந்திரங்களில் டோனர் கார்ட்ரிட்ஜில் உள்ள, எழுத்தைத் தாளுக்கு மாற்றும் டிரம் என்ற உருளையின் விட்டமும் ஃபியூசர் உருளையின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆகையால் அளவுகோலை மட்டும் நம்பாமல் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். அச்சாகிக்கொண்டிருக்கும் தாள் பாதி வழியில் இருக்கும்போது முன்கதவைத் திறந்துவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். கார்ட்ரிட்ஜை மெதுவாக வெளியே எடுத்து, ஃபியூசருக்குள் இன்னும் நுழையாத பகுதியைப் பாருங்கள். அங்கேயே புள்ளி விழுந்திருந்தால் குற்றவாளி கார்ட்ரிட்ஜ்தான். ஃபியூசருக்காக ஒரு காசும் செலவழிக்க வேண்டாம். அங்கே சுத்தமாக இருந்து, வெளியே வரும் தாளில் மட்டும் புள்ளி தெரிந்தால், ஃபியூசரைக் கழற்றலாம். இந்தச் சோதனையைச் செய்யாமலேயே ஃபியூசரை மாற்றுகிறவர்கள் ஏராளம்.

கேள்வி: ஃபியூசருக்குள் தேயக்கூடிய பாகங்கள் எவை? எதை வாங்குவது என்று தெரியவில்லை.

பதில்: உங்கள் ஃபியூசர் எந்த வகை என்பதைப் பொறுத்தது. பழைய இயந்திரங்களிலும் வேகமான அலுவலக இயந்திரங்களிலும், உள்ளே ஹாலஜன் விளக்கு எரியும் அலுமினியக் குழல் ஒன்று இருக்கும். ஒட்டாமை தரும் பூச்சு அதன் மேல் பூசப்பட்டிருக்கும். வீட்டுக்கு வாங்கும் சிறிய இயந்திரங்கள் பலவற்றில் விளக்குக்குப் பதிலாகத் தட்டையான பீங்கான் ஹீட்டரும், அதைச் சுற்றிச் சுழலும் மிக மெல்லிய ஃபிலிம் உறையும் இருக்கின்றன. இரண்டு வகையிலும் எதிர்ப்புறமிருந்து தாளை அழுத்துவது சிலிக்கான் ரப்பர் போர்த்திய பிரஷர் ரோலர். வெப்பத்தால் பொடியைத் தாளில் நிலைநிறுத்தும் வழக்கம் லேசர் பிரிண்டருக்கு முந்தியது. 1938 இல் செஸ்டர் கார்ல்சன் தம் முதல் உலர் நகலை எடுத்தபோதே, மெழுகுத் தாளைச் சூடாக்கித்தான் பொடியை அதில் ஒட்டவைத்தார்.

ஃபிலிம் வகையில் மோட்டாரின் இயக்கம் பிரஷர் ரோலருக்குத்தான் செல்கிறது. ஃபிலிமுக்குத் தனியாக இயக்கம் கிடையாது, ரோலரின் உராய்வினால் இழுபட்டுத்தான் சுழல்கிறது. அது வழுக்கிச் சுழல்வதற்காக உட்புறத்தில் ஃபுளோரின் சேர்ந்த, உயர்வெப்பம் தாங்கும் கிரீஸ் தடவியிருப்பார்கள். ஆண்டுகள் செல்லச்செல்ல இந்தக் கிரீஸ் வறண்டுபோக, ஃபிலிம் இறுகிக் கிறீச்சிட ஆரம்பிக்கிறது. பிறகு ஓரத்தில் கிழிகிறது. தாளோடு உள்ளே போன ஸ்டேப்ளர் பின் ஒன்றே அதைக் கிழிக்கப் போதும் என்பது வேறு விஷயம். பிரஷர் ரோலரின் ரப்பர் கெட்டிப்பட்டு மெருகேறிவிட்டால் பிடிமானம் போய்விடும். ரோலரின் இரு முனைகளையும் தாங்கும் புஷ்களும் தேயும்.

ஆகவே ஃபிலிம், பிரஷர் ரோலர், புஷ்கள், கிரீஸ் இந்த நான்கையும் சேர்த்தே வாங்குங்கள். கெட்டிப்பட்ட ரோலரின் மேல் புது ஃபிலிமை மாட்டுவது வீண் சிக்கனம். பாகங்களை இயந்திரத்தின் மாடல் எண்ணைக் கொண்டு மட்டும் தேடாமல், ஃபியூசரின் மேல் ஒட்டியிருக்கும் பாக எண்ணையும் பார்த்து வாங்குங்கள். கிரீஸ் விஷயத்தில் சமரசம் கூடாது: வண்டிக்கோ கதவுக் கீலுக்கோ போடும் கிரீஸ் அந்த வெப்பத்தில் புகைந்து கருகிவிடும்.

கேள்வி: ஃபிலிமையும் ரோலரையும் வாங்கிவிட்டேன். மாற்றும் முறையை விளக்குவீர்களா?

பதில்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரமாவது காத்திருங்கள், ரோலரின் ரப்பர் வெப்பத்தை நெடுநேரம் விடாது. கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, டிரம்மில் வெளிச்சம் படாதபடி கறுப்புத் துணியால் மூடி வையுங்கள். பின் மூடியையும் பக்க மூடிகளையும் கழற்றியவுடன், எந்தக் கம்பி எந்த வழியாகச் செல்கிறது என்பதைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஃபியூசருக்குச் செல்லும் தடித்த கம்பிகள் ஹீட்டருக்கு மின்சாரம் கொண்டு செல்பவை. மெல்லியவை வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டருடையவை. இணைப்பானைப் பிடித்து இழுக்க வேண்டுமே தவிரக் கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. அருகிலிருக்கும் மின்வழங்கிப் பலகையைத் தொட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

ஃபியூசரை மேசைக்குக் கொண்டுவந்த பின், இரு பக்கத்து ஸ்பிரிங்குகளையும் விடுவிக்க வேண்டும். இவை வலுவானவை, கைதவறினால் கண்ணை நோக்கித் தெறிக்கக்கூடும் என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தப் பக்கத்தது என்று அடையாளமிட்டு வையுங்கள். ஸ்பிரிங்குகள் போனபின் ஹீட்டர் பகுதி தனியே எழும்பி வரும். அதன் ஒரு முனையிலுள்ள தாங்கியைக் கழற்றினால் பழைய ஃபிலிம் உருவிக்கொண்டு வந்துவிடும்.

நிதானம் தேவைப்படுவது இனிமேல்தான். பீங்கான் ஹீட்டர் மெல்லியது, நெம்பினால் முறிந்துவிடும். கருகிய பழைய கிரீஸைக் கத்தியால் சுரண்டாமல், நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தெடுங்கள். முழுவதும் உலர்ந்த பின், ஃபிலிம் உரசிச் செல்லும் ஹீட்டர் முகப்பிலும் அதைத் தாங்கும் வளைவிலும் புதிய கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அதிகமாகத் தடவினால் அது ஓரங்களில் வழிந்து ஃபிலிமின் வெளிப்புறத்துக்கும் ரோலருக்கும் வந்துவிடும். அப்போது ரோலர் வழுக்கி ஃபிலிம் நின்றுவிடும், தாளிலும் எண்ணெய்க் கறை படியும். குறைவாகத் தடவினால் புது ஃபிலிமும் சீக்கிரமே கிழியும்.

புது ஃபிலிமை மாட்டுவதற்குமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். நகம் அழுத்திய மடிப்பு நிரந்தரமாக நிற்கும். பிறகு அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடாகத் தாளில் விழும். சில ஃபிலிம்களின் ஓர் ஓரத்தில் மட்டும் நிறம் மாறிய பட்டை ஒன்று இருக்கும். நிலைமின்னூட்டத்தைக் கடத்திவிடும் தொடுமுனை அந்தப் பட்டையில் பட வேண்டும் என்பதால், பழைய ஃபிலிம் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் மாட்டுங்கள்.

பழைய ரோலரை எடுத்துவிட்டுப் புஷ்களோடு புதியதை வைத்து, ஸ்பிரிங்குகளை இரு பக்கமும் ஒரே அளவில் அமர்த்துங்கள். பிறகு கியரைக் கையால் தாள் செல்லும் திசையில் மட்டும் திருப்பிப் பாருங்கள். ரோலரோடு சேர்ந்து ஃபிலிமும் தடங்கலின்றிச் சுழல வேண்டும். எங்கேனும் திக்கினால் மறுபடியும் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது, அப்படியே மாட்டி ஓடவிட்டால் ஃபிலிம் கிழிந்துதான் வெளியே வரும். மூடிகள் அனைத்தையும் பூட்டிய பிறகே மின்சாரம் கொடுங்கள். முதல் சில தாள்களில் இலேசான கிரீஸ் தடமும் சிறிது வாடையும் வரக்கூடும். சன்னலைத் திறந்துவைத்துப் பத்து இருபது வெற்றுத் தாள்களை ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: மாற்றிய பிறகு எழுத்து உதிரவில்லை. ஆனால் தாள் ஒவ்வொன்றும் ஒரு மூலையில் சுருக்கம் விழுந்து வருகிறது.

பதில்: தாள் புதியதுதான் என்றால், இரு பக்கத்து அழுத்தமும் சமமாக இல்லை. ஒரு பக்கத்து ஸ்பிரிங் அதன் கொக்கியில் முழுவதும் அமராமல் இருக்கலாம். அல்லது ஒரு புஷ் குழியில் இறங்காமல் ரோலர் சாய்ந்திருக்கலாம். பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: ஃபியூசர் சூடாகவே இல்லை. மல்டிமீட்டரால் சோதித்ததில் அதிலுள்ள வெப்பப் பாதுகாப்பு ஃபியூஸ் அறுந்திருப்பது தெரிந்தது. அதன் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிடலாமா?

பதில்: எக்காரணம் கொண்டும் கூடாது. தெர்மிஸ்டரும் கட்டுப்பாட்டுச் சுற்றும் தவறிப்போகும்போது, பல நூறு வாட் ஹீட்டர் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறாமல் தடுப்பதற்கென்றே அந்தப் பாகம் வைக்கப்பட்டிருக்கிறது. அது அறுந்திருக்கிறது என்றால் ஏதோ ஒரு காரணத்தால் வெப்பம் எல்லை மீறியிருக்கிறது. தெர்மிஸ்டர் தன் இடத்திலிருந்து விலகியிருக்கலாம், அல்லது ஹீட்டரை இயக்கும் ட்ரையாக் பழுதாகித் தொடர்ந்து மின்சாரம் விட்டுக்கொண்டிருக்கலாம். காரணத்தைக் கண்டறியாமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் அறுந்துபோகும். கம்பியால் இணைத்தால் அறுபடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

மல்டிமீட்டர் கையில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். பீங்கான் ஹீட்டரின் மின்தடையை நீங்களே கணக்கிடலாம்: மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, ஹீட்டரின் வாட் அளவால் வகுக்க வேண்டும். 220 வோல்ட்டில் 700 வாட் என்றால் சுமார் 69 ஓம் வரும். அதற்கு அண்மையான அளவு காட்டினால் ஹீட்டர் நலமாக இருக்கிறது. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் அது முறிந்திருக்கிறது. ஹாலஜன் விளக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது, குளிர்ந்த நிலையில் அதன் மின்தடை மிகக் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து 110 வோல்ட் ஃபியூசர் ஒன்று கிடைத்திருக்கிறது. 220 வோல்ட் இயந்திரத்தில் பொருத்தலாமா?

பதில்: பொருத்தக் கூடாது. மின்னழுத்தம் இருமடங்கானால் ஹீட்டரில் செலவாகும் ஆற்றல் நான்கு மடங்காகும். உருவமும் இணைப்பான்களும் ஒத்திருந்தாலும் பாக எண்கள் வேறாக இருப்பது இதனால்தான்.

கேள்வி: கழற்றும்போது டோனர் பொடி மேசையிலும் சட்டையிலும் கொட்டிவிட்டது. எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: வெந்நீரை நினைக்கவே நினைக்காதீர்கள், டோனர் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்குவதால் துணியில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். சட்டையை வெளியில் கொண்டுபோய் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். மேசையை ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம்: டோனர் துகள்கள் 5 முதல் 10 மைக்ரான் அளவே இருப்பதால், சாதாரண வடிகட்டியைத் தாண்டி மறுபுறம் காற்றோடு வெளியேறி அறை முழுவதும் பரவும். மறுமுறை கழற்றும்போது கீழே பழைய செய்தித்தாளை விரித்து, முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வண்ண லேசர் பிரிண்டருக்கும் இதே முறைதானா?

பதில்: நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு நிற டோனர் அடுக்குகளையும் சேர்த்து உருக்க வேண்டியிருப்பதால் அவற்றின் ஃபியூசர்கள் சிக்கலானவை. ஆயுளை எண்ணும் கணக்கு இயந்திரத்தின் நினைவகத்தில் பதிந்திருக்கும் மாடல்களும் உண்டு. அவற்றுக்கு முழு ஃபியூசராகவே வாங்கி மாற்றி, கையேட்டில் சொல்லியபடி கணக்கைப் பூச்சியமாக்குங்கள். கறுப்பு வெள்ளை இயந்திரத்திலும் ஹீட்டர், ஃபிலிம், ரோலர் மூன்றும் சேர்ந்து போயிருந்தால், தனித்தனியாக வாங்கிக் கோப்பதைவிட முழு ஃபியூசர் வாங்குவதே மலிவாகவும் நிம்மதியாகவும் முடியும்.

கேள்வி: லேபிள் தாள் அச்சிட்டதிலிருந்துதான் என் ஃபியூசர் கெட்டது என்கிறார்கள். உண்மையாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். இங்க்ஜெட்டுக்கான லேபிள்களும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்களும் ஃபியூசரின் வெப்பத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அவை உருகி ஃபிலிமைச் சுற்றிக்கொண்டால் ஃபிலிமை மாற்றத்தான் வேண்டும். லேசர் பிரிண்டருக்கு உரியது என்று உறையில் குறிப்பிட்டிருக்கும் தாள்களை மட்டும் பயன்படுத்துங்கள். சில லேபிள்களை உரித்தெடுத்த பின் மீதித் தாளை மறுபடியும் உள்ளே அனுப்ப வேண்டாம், உரித்த இடத்தின் ஓரங்களில் எஞ்சியிருக்கும் பசை ரோலரில் ஒட்டிக்கொள்ளும்.