இரவில் மட்டும் கேமரா அணைந்து எழுவது ஏன்?

மாடியில் மாட்டிய கண்காணிப்புக் கேமரா பகலில் நன்றாக ஓடி, இரவில் மட்டும் அணைந்து மீண்டும் எழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேமரா பழுதாகவில்லை. இருட்டியதும் அதற்குப் போதிய மின்னழுத்தம் போய்ச் சேரவில்லை என்றே தோன்றுகிறது. பகலில் குறைவாக மின்சாரம் எடுக்கும் கேமரா, இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது மிக அதிகமாக எடுக்கும். கூடத்து 12 வோல்ட் அடாப்டரிலிருந்து மாடிக்கு 30 மீட்டர் ஒயர் இழுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியாக இருந்தாலும், 1 ஆம்பியர் ஓடும்போது போகவர ஏறத்தாழ 2 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும்.

தொண்டியில் கடலைப் பார்த்த மாடி என்பதால் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கும். கேமராவின் மின்இணைப்பு முனையைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்று பட்ட செம்பில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால், சுரண்டிச் சமாளிக்காமல், அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைப்பதே நல்லது.

உறுதிசெய்ய, ஓர் இரவு செயலியில் அகச்சிவப்பு விளக்கை மட்டும் அணைத்து வையுங்கள். விடியும்வரை கேமரா நிற்காமல் ஓடினால் குறை மின்சாரத்தில்தான். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால், விளக்கு எரியும்போது கேமரா முனையில் அளந்து பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அடாப்டரை மாடிக்கு அருகில், மழை படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

இணைப்பை மூடிய பெட்டிக்குள் வைத்து, ஒயரைக் கீழ்ப்பக்கத்திலிருந்து நுழையுங்கள். புளித்த வாடை வீசும் சிலிக்கான் பசையைத் தயவுசெய்து பூசாதீர்கள், அது செம்பை அரிக்கும். அழுத்தம் குறைகிறதே என்று 24 வோல்ட் அடாப்டர் மாட்டினால் கேமரா எரிந்துபோகும்.