இரத்த தானமும் சிஎம்வி வைரசும்: வாசகர் கேள்விகள்

கேள்வி (ஆரையம்பதி): மனைவி கர்ப்பமாக இருப்பதால் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்தோம். எனக்கு ‘சிஎம்வி ஐஜிஜி பொசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ்’ என்று வந்திருக்கிறது. இது ஹேர்பிஸ் வகை வைரசாம். 6 தரம் இரத்தம் கொடுத்திருக்கிறேன், இரத்த வங்கியில் ஒருவரும் இதைச் சொல்லவில்லையே. இனிக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். கொப்புளிப்பான், அக்கி, உதட்டுப் புண் இவற்றைத் தரும் வைரசுகளின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் சைற்றோமெகலோ வைரசு எனப்படும் சிஎம்வியும். தாய்ப்பால், சிறுபிள்ளைகளின் எச்சில், சிறுநீர் வழியாக அநேகமாகக் குழந்தைப் பருவத்திலேயே தொற்றிவிடும். பலருக்கு ஒரு சின்னக் காய்ச்சலாகக்கூடத் தெரியாது. இந்தியாவில் இரத்தக் கொடையாளிகளிடம் செய்த ஆய்வுகள் பலவற்றில் 10 பேரில் 9 பேருக்கு மேல் ஐஜிஜி பொசிட்டிவ். மேற்கு ஐரோப்பாவில் ஏறத்தாழப் பாதிப்பேர்.

உங்கள் அறிக்கை காட்டுவது வைரசை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியை. தொற்றிய புதிதில் உண்டாகும் வகை ஐஜிஎம், நீண்டகாலம் நிற்கும் வகை ஐஜிஜி. ஐஜிஜி இருந்து ஐஜிஎம் இல்லையென்றால் தொற்று பழையது. வைரசு வெண்குருதிக் கலங்கள் சிலவற்றுக்குள் உறங்கிக் கிடக்கும். இலங்கையில் எல்லாக் கொடையிலும் எச்.ஐ.வி, ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். சிஎம்வி அந்தப் பட்டியலில் இல்லை. பொசிட்டிவ் ஆனவர்களை விலக்கினால் இரத்த வங்கியே வெறுமையாகிவிடும்.

இன்னொன்று, பலர் அறியாதது. மிக ஆபத்தான கொடையாளி உங்களைப் போன்றவர் அல்ல. அண்மையில் தொற்றி, பிறபொருளெதிரி இன்னும் உருவாகாதவர்தான். அவருடைய பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வரும், இரத்தத்தில் வைரசோ நேரடியாக ஓடிக்கொண்டிருக்கும்.

மனைவியின் அறிக்கையை மகப்பேற்று வைத்தியரிடம் தனியாகக் காட்டுங்கள். அவருக்கு ஐஜிஜி நெகட்டிவ் என்றால், கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்காதிருக்க, சிறுபிள்ளைகளின் நப்கின் மாற்றியபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும், அவர்கள் சாப்பிட்ட கரண்டியில் சாப்பிடாமல் இருப்பதும் முக்கியம்.

கேள்வி (கல்முனை): மகளுக்கு 30 கிழமையில் பிள்ளை கிடைத்தது, நிறை 1,200 கிராம். இரத்தம் ஏற்ற வேணுமாம். எங்கட சொந்தக்காரரைப் பரிசோதித்து, சிஎம்வி இல்லாத ஒருவரிடம் எடுத்தால் நல்லதுதானே?

பதில்: வேண்டாம். சொந்தத்தில் 10 பேரைப் பார்த்தாலும் ஒருவராவது கிடைப்பார் என்பது நிச்சயமில்லை. அதைவிட, நெருங்கிய உறவினரின் வெண்குருதிக் கலங்கள் (சுருக்கமாக வெண்கலங்கள்) குழந்தையின் உடலில் தங்கி, அதையே தாக்கக்கூடும். இப்படித் தாக்குவது அபூர்வம், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது.

சிஎம்வி வெண்கலங்களுக்குள் இருப்பதால், சரியான வழி அவற்றை அகற்றும் வடிகட்டி. ஒரு பையில் சாதாரணமாக 100 கோடிக்கு மேல் வெண்கலங்கள் இருக்கும். இந்த வடிகட்டி அதை 50 இலட்சத்துக்குக் கீழே கொண்டுவரும். இரத்தம் ஏற்றும் சாதாரணக் குழாயிலும் ஒரு வலை உண்டு. அதைப் பார்த்து ‘வடிகட்டித்தான் ஏற்றுகிறார்கள்’ என்று நினைப்பது தவறு. அதன் கண் 170 முதல் 200 மைக்கிரோன் (ஒரு மைக்கிரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வெண்கலமோ 20 மைக்கிரோனைத் தாண்டுவது அரிது. அந்த வலை கட்டிகளை மட்டுமே பிடிக்கும். வடிகட்டுவதை இரத்த வங்கியிலேயே, எடுத்த 2 நாட்களுக்குள் செய்வது மேல். நாட்பட்டால் வெண்கலங்கள் சிதைந்து உள்ளிருப்பது வெளியே கசியும். இரத்தப் பையில் கதிர் பாய்ச்சும் கதிரூட்டல் வேறு விடயம்: 25 கிறே (கதிரின் அலகு) அளவு கதிர், உறவினரின் வெண்கலங்கள் பற்றி மேலே சொன்ன தாக்குதலைத் தடுக்கும், சிஎம்வியைக் கொல்லாது.

இந்த நிறைக்கு ஒரு தடவையில் கிலோவுக்கு 15 மில்லிலீட்டர் என்றால் 18 மில்லிலீட்டர் போதும். ஒரே கொடையாளியின் பையைச் சிறு பைகளாகப் பிரித்து வைத்தால் அடுத்த தடவைக்கும் அதிலிருந்தே எடுக்கலாம். ஆகவே வைத்தியரிடம் கேட்க வேண்டியது இரண்டு: ‘வெண்குருதிக் கலங்களை வடிகட்டியதா? சிறு பையாகப் பிரித்ததா?’

தாய்ப்பாலிலும் சிஎம்வி வரும் என்று யாரேனும் பயமுறுத்தினால், நீங்களாகப் பாலை நிறுத்திவிடாதீர்கள். அதைக் குழந்தை வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

கேள்வி (அக்கரைப்பற்று): உதட்டில் காய்ச்சல் கொப்புளம். வரும் ஞாயிறு முகாமில் இரத்தம் கொடுக்கலாமா?

பதில்: கொப்புளம் காய்ந்து, காய்ச்சலும் உடல் நோவும் இல்லாவிட்டால் பொதுவாகத் தடையில்லை, முகாம் வைத்தியரிடம் கட்டாயம் காட்டுங்கள். புண் ஈரமாக இருந்தால் அடுத்த முகாமுக்குப் போங்கள். முன்பு கொடுத்து 4 மாதம் ஆகிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.