43,000 ரூபாய் எஸ்டிமேட்: எதற்குச் சரி சொல்லலாம்?

கேள்வி: என்னிடம் 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் இருக்கிறது. 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வருடாந்திர சர்வீஸுக்குக் கம்பெனி ஷோரூமில் விட்டேன். நான் சொன்ன குறை இரண்டுதான்: ஏசி மெதுவாகக் குளிர்கிறது, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் இடது சக்கரத்தில் 'டக்' என்று சத்தம். மதியம் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது. ஜெனரல் சர்வீஸ் 6,200. முன் பிரேக் பேட், டிஸ்க் 9,400. கிளட்ச் செட் 11,500. லோயர் ஆர்ம் இரண்டு பக்கமும் 7,300. அலைன்மென்ட், பேலன்ஸிங் 1,100. ஏசி கேஸ் 2,400. இன்ஜெக்டர், த்ராட்டில் பாடி சுத்தம், இன்ஜின் ஃபிளஷ் 3,600. ஏசி கிருமி நீக்கம் 1,500. ஆக 43,000 ரூபாய். இது நியாயமான தொகையா? வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது.
- வாசகர், தாம்பரம்

பதில்: மொத்தத் தொகையைப் பார்த்து இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எட்டு வரி இருக்கிறது, எட்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஷோரூம் சர்வீஸில் ஸ்பேர் பார்ட்ஸ் விலையைக் கூட்டிப் போடுவது குறைவு. அது கம்பெனி கம்ப்யூட்டரில் இருந்து வருகிற விலை. பில் வீங்குவது வேறு இரண்டு இடங்களில்: இன்னும் ஓடக்கூடிய பார்ட்டை மாற்றுவது, ஒரே வேலைக்கு இரண்டு லேபர் எழுதுவது.

முதலில் சர்வீஸ் அட்வைசருக்குப் போன் போடுங்கள். "ஒவ்வொரு வரிக்கும் பார்ட் நம்பர், பார்ட் விலை, லேபர் மூன்றையும் பிரித்து அனுப்புங்க. நான் ஓகே சொல்லும்வரை சர்வீஸைத் தவிர எதையும் கழற்ற வேண்டாம்." இதில் கோபப்பட ஒன்றுமில்லை, தினமும் கேட்கிற கேள்விதான் அவருக்கு. மழுப்பினால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

பார்ட் நம்பர் கைக்கு வந்ததும் விலையைச் சரிபார்ப்பது எளிது. பூட்மோ போன்ற உதிரிபாக விற்பனைத் தளத்தில் அந்த நம்பரைப் போட்டால் ஒரிஜினல் பார்ட்டின் விலையும், அதே அளவில் மற்ற கம்பெனிகள் செய்யும் பார்ட்டின் விலையும் வரும். சென்னைக்காரர் என்பதால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏதாவது ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போன் செய்தும் கேட்கலாம். பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்தது. பில்லில் அடிப்படை விலை, ஜிஎஸ்டி என்று பிரித்துக் காட்டுவார்கள். இரண்டையும் கூட்டினால் எம்.ஆர்.பி.யைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அடிப்படை விலை 1,000 ரூபாய் என்றால் முன்பு 1,280, இப்போது 1,180. பழைய ஸ்டிக்கரைக் காட்டி பழைய விலை போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். லேபருக்கும் 18 சதவீதம்தான்.

ஆறாயிரத்து இருநூறு ரூபாய் ஜெனரல் சர்வீஸில் பெரிதாகக் கேள்வி இல்லை. ஆயில் எத்தனை லிட்டர் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். சின்ன பெட்ரோல் இன்ஜினுக்குப் பெரும்பாலும் மூன்று, மூன்றரை லிட்டர் போதும். உங்கள் வண்டிக்கான அளவு ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். 70,000-ல் என்னென்ன மாற்ற வேண்டும் என்ற அட்டவணையும் அதிலேயே உண்டு. அதில் இல்லாததை "இந்தக் கிலோமீட்டருக்குக் கட்டாயம்" என்று சொன்னால் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து பிரேக். "70 சதவீதம் தேய்ந்துவிட்டது" என்பார்கள். சதவீதம் வேண்டாம், மில்லிமீட்டரில் கேளுங்கள். புதிய பேடில் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான், அங்கே பேரம் பேசாதீர்கள். 5, 6 மி.மீ. இருந்தால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். டிஸ்க் கதை வேறு. பேட் மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கும் மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தாலோ, ஆழமாகக் கோடு விழுந்திருந்தாலோ, பிரேக் மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் அதிர்ந்தாலோ மாற்றலாம். அளந்த எண்ணைப் போட்டோவோடு அனுப்பச் சொல்லுங்கள். மாற்றுவதாகவே இருந்தாலும், டிஸ்க்கைக் கழற்ற வேண்டுமென்றால் காலிப்பரையும் (பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும் பகுதி) பேடையும் எப்படியும் கழற்றியாக வேண்டும். பேடுக்கு ஒரு லேபர், டிஸ்க்குக்கு ஒரு லேபர் என்று இரண்டு முழு லேபர் போட்டிருந்தால் கேளுங்கள்.

இந்த லேபர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் எஸ்டிமேட்டில் பெரிய பணம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஷோரூமில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீட்டு எண், அதற்கு இவ்வளவு நேரம் என்று கம்பெனி குறித்து வைத்திருக்கும். மெக்கானிக் சீக்கிரம் முடித்தாலும் தாமதித்தாலும் அந்த நேரத்துக்குத்தான் காசு. தனித்தனியாகச் செய்தால் இந்தக் கணக்கு சரி. சேர்த்துச் செய்யும்போதுதான் இடிக்கும். உங்கள் வண்டி மாதிரி முன்சக்கரம் இழுக்கும் கார்களில் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கு, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டை உருவ வேண்டும். அதை உருவ, பெரும்பாலான சின்னக் கார்களில் லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை) முனையில் உள்ள பால் ஜாயின்ட் என்ற மூட்டைக் கழற்றுவார்கள். லோயர் ஆர்ம் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் எஸ்டிமேட்டில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் முழு லேபரோடு நிற்கும். யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை, கம்ப்யூட்டர் அப்படிக் கூட்டிவிடுகிறது. கேட்டால் குறைப்பார்கள், கேட்காவிட்டால் அப்படியே பில் ஆகிவிடும்.

ஆனால் உங்களுக்குக் கிளட்ச்சே மாற்ற வேண்டுமா? நீங்கள் அதைப் பற்றிக் குறை எதுவும் சொல்லவில்லை. கிளட்ச் பிளேட் கியர்பாக்ஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்காமல் அதைக் கண்ணால் பார்த்து இத்தனை சதவீதம் தேய்ந்தது என்று சொல்வது அனுமானம்தான். ஓட்டிப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். ஆளில்லாத நேரான ரோட்டில் 50 கி.மீ. வேகத்தில் நாலாவது கியரில் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் எகிறி வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது, மாற்றத்தான் வேண்டும். பெடலை ஏறக்குறைய முழுக்க விட்ட பிறகுதான் வண்டி நகர்கிறது, மேட்டில் ஏறும்போது கருகிய வாடை வருகிறது என்பதும் அறிகுறிகள். இவை எதுவும் இல்லையென்றால் அந்த 11,500 ரூபாயை இப்போது கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தச் சோதனையைச் செய்யலாம். பெரும்பாலான கிளட்ச் பேச்சு அந்த ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

லோயர் ஆர்ம் வரியில் எனக்குச் சந்தேகம் அதிகம். சத்தம் இடது பக்கம் மட்டும், எஸ்டிமேட் இரண்டு பக்கத்துக்கும். பிரேக் பேடை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். லோயர் ஆர்முக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வலது பக்கம் நன்றாக இருந்தால் விட்டுவிடலாம். அதைவிட முக்கியம், வேகத்தடையில் வரும் 'டக்' சத்தத்துக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க் ராடை, அதாவது வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டை. சின்னப் பார்ட், விலையும் லோயர் ஆர்ம் விலையில் ஒரு சிறு பங்குதான், மாற்ற அதிக நேரம் ஆகாது. அடுத்து ஷாக் அப்சார்பர் மேல் மவுன்ட், அப்புறம்தான் லோயர் ஆர்ம் புஷ்ஷும் (ரப்பர் வளையம்) பால் ஜாயின்டும். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, கம்பியால் நெம்பி, எது ஆடுகிறது என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. புஷ்தான் கிழிந்திருக்கிறது என்றால் புஷ் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். சில வண்டிகளுக்குக் கிடைக்கும், சிலவற்றில் ஆர்ம் முழுசாகத்தான் வரும். லோயர் ஆர்ம் மாற்றினால் அலைன்மென்ட் கட்டாயம், அந்தச் செலவை வெட்டாதீர்கள். மாற்றவில்லையென்றால், வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. அடைத்த குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. வருடக்கணக்கில் கொஞ்சம் குறையலாம். குளிர்ச்சி தெரிகிற அளவுக்குக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைப் பார்க்காமல் கேஸ் மட்டும் அடித்தால் அடுத்த கோடையில் அதே 2,400 ரூபாய் மறுபடியும் போகும். அதனால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். தூசி அடைத்த ஃபில்டராலேயே குளிர் குறையும், மாற்றச் சில நூறு ரூபாய்தான். பிறகு முன்னால் உள்ள, ஏசியின் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்து, கேஜ் வைத்து அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் லீக் டெஸ்ட் செய்துவிட்டுத்தான் கேஸ்.

மீதமுள்ள 5,100 ரூபாய், அதாவது இன்ஜெக்டர், த்ராட்டில் பாடி, ஃபிளஷ், கிருமி நீக்கம்: வேண்டாம். வண்டி நிற்கும்போது இன்ஜின் தடுமாறினாலோ, மைலேஜ் திடீரென்று விழுந்தாலோ, இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வதில் அர்த்தம் உண்டு. குறையே இல்லாத வண்டிக்கு இவையெல்லாம் ஷோரூமின் விற்பனைப் பொருள். அட்வைசருக்கு மாத டார்கெட் இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தேய்ந்ததை எழுதாமல் விட்டால், நாளை அது உடைந்ததும் "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை" என்று நாமும்தான் சண்டை போடுவோம். அதனால் அவர் எல்லாவற்றையும் எழுதுவார். எதை இன்றைக்குச் செய்வது என்று சொல்ல வேண்டியது நீங்கள்.

ஆக, உங்கள் 43,000-ல் இப்போதே சரி சொல்லக்கூடியது சர்வீஸ் 6,200. பிரேக், கிளட்ச், லோயர் ஆர்ம், அலைன்மென்ட் சேர்ந்த 29,300 ரூபாய்க்கு அளந்தோ ஓட்டியோ காட்டிய பிறகு பதில். ஏசி கேஸ், லீக் டெஸ்ட்டுக்கு அப்புறம்.

வெளியே ஒரு மெக்கானிக்கிடம் விலை கேட்க நினைத்தால், ஷோரூம் எழுதிய வேலைகளை அப்படியே படித்துக் காட்டி "எவ்வளவு" என்று கேட்காதீர்கள். அவரும் அதே எட்டு வேலைக்குக் கொஞ்சம் குறைத்துச் சொல்வார், நீங்கள் பணம் மிச்சமானதாக நினைத்துக்கொள்வீர்கள். சத்தத்தையும் ஏசியையும் மட்டும் சொல்லி, அவராகக் கண்டுபிடிக்கட்டும். என்ன பிராண்ட் பார்ட் போடுவார் என்றும் கேளுங்கள். கார் கம்பெனிகள் தங்கள் பெட்டியில் விற்கும் பல பார்ட்டுகளை வேறு தொழிற்சாலைகள்தான் செய்து தருகின்றன. பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா, சென்னையின் ரானே குழுமம் போன்றவை கார் கம்பெனிகளுக்கும் கொடுக்கின்றன, சொந்தப் பெயரில் கடைகளுக்கும் விற்கின்றன. பெயரில்லாத பெட்டியில் வரும் பிரேக் பேடை மட்டும் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். வெளி கராஜ்களுக்கு ஒரிஜினல் ஸ்பேர்ஸ் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் அப்புறம் வந்தன என்றாலும், வெளியே போக உங்களுக்கு வழி உண்டு என்பது ஷோரூமுக்கும் தெரியும்.

ஒப்புக்கொண்ட வேலைகளை மட்டும் ஜாப் கார்டில் (வண்டிக்கான வேலைச் சீட்டு) எழுதவைத்து, கூடுதல் வேலை வந்தால் கேட்டுவிட்டுத்தான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். காசு கொடுத்து மாற்றிய பழைய பார்ட்டுகளை டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாரன்டி, இன்ஷூரன்ஸ் கிளெய்மில் மாற்றியவற்றை மட்டும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். கேட்காத வேலைக்குப் பில் போட்டு வண்டியைத் தரமாட்டேன் என்றால் முதலில் சர்வீஸ் மேனேஜர், பிறகு கார் கம்பெனியின் வாடிக்கையாளர் எண், அதற்கும் அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த ஒரு வரி அப்போது கைகொடுக்கும்.