அமெரிக்க கிரெடிட் கார்டு, காரைக்குடி வாடகைக் கார்: அடிபட்டால் யார் பணம் தருவார்?

கேள்வி: என் மகன் டல்லாஸில் வேலை பார்க்கிறான். ஆவணியில் தங்கை கல்யாணத்துக்காக மனைவி, பிள்ளைகளோடு மூன்று வாரம் காரைக்குடி வருகிறான். திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதும் காரை வாடகைக்கு எடுத்து, தானே ஓட்டிக்கொள்வதாகச் சொல்கிறான். கார் கம்பெனி விற்கும் சேதப் பாதுகாப்புத் திட்டம் வேண்டாம், தன்னுடைய கிரெடிட் கார்டே இன்சூரன்ஸ் கொடுத்துவிடும் என்கிறான். எங்கள் தெருக்காரர் ஒருவரோ தன் இன்னோவாவைப் பாதி வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். எதைச் செய்யச் சொல்வது?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஆச்சி, உங்கள் மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதிதான் குடும்பத்தையே கடனில் தள்ளக்கூடியது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்க கார்டுகள் தரும் இந்தப் பாதுகாப்புக்கு கொலிஷன் டேமேஜ் வெய்வர் என்று பெயர். வாடகைக்கு எடுத்த காருக்கு அடிபட்டாலோ, கார் திருடுபோனாலோ, கார் கம்பெனி உங்கள் மகனிடம் கேட்கும் தொகையைக் கார்டுத் தரப்பு கொடுக்கும். அவ்வளவுதான். அந்தக் கார் மோதி பைக்கில் வந்தவர் கால் உடைந்தால் இந்தக் கார்டு ஒரு பைசா தராது. எதிரே வந்த வண்டி நசுங்கினாலும், யார் வீட்டு மதிற்சுவர் இடிந்தாலும் அப்படியே.

அந்தப் பொறுப்பையெல்லாம் ஏற்க வேண்டியது அந்தக் காருக்கென்று எடுத்திருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அது இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கவே கூடாது. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அதில் உச்சவரம்பு கிடையாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு விதித்தாலும் காப்பீட்டு நிறுவனம் கட்ட வேண்டும். பிறர் சொத்துச் சேதத்துக்கு மட்டும் ரூ. 7.5 லட்சம் வரை. ஆகவே கார்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் எந்தக் காரை எடுக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

இதனால்தான் தெருக்காரர் இன்னோவாவை வேண்டாம் என்கிறேன். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த வண்டியின் பாலிசித் தாளை வாங்கி, 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்', அதாவது வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வரம்பு, எழுதியிருக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள். சொந்த உபயோக வண்டி என்றால், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் பாலிசி செல்லாது என்று அங்கே அச்சடித்திருக்கும். வெள்ளை போர்டு வண்டியைப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த அந்த நிமிடமே, கிளெய்மை நிராகரிக்கும் காரணத்தை நாமே நிறுவனத்தின் கையில் கொடுத்துவிடுகிறோம். அடிபட்டவருக்கு முதலில் நிறுவனத்தையே கொடுக்கச் சொல்லி, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவதும் உண்டு. அப்போது உங்கள் தெருக்காரர் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார். மகனின் கார்டும் இங்கே உதவாது. முறையான வாடகை நிறுவனத்தின் ஒப்பந்தத்தை அது கேட்கும். தெரிந்தவரிடம் வாய்ப்பேச்சில் வாங்கிய வண்டிக்கு அப்படி ஒரு தாளே இருக்காது.

நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டிக்கு நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். திருச்சியில் சாவியை வாங்குவதற்கு முன்னால் தம்பி அதைப் பார்க்கட்டும்.

இனி கார்டுக்கு வருவோம். எல்லா அமெரிக்க கார்டுகளிலும் இந்தச் சலுகை இல்லை. டிஸ்கவர் கார்டு நிறுவனம் 2018-லும், சிட்டி வங்கி தன் பெரும்பாலான கார்டுகளில் 2019-லும் இதை எடுத்துவிட்டன. இருக்கும் கார்டுகளிலும் நிபந்தனைகள் ஒன்றுபோல இல்லை. சேஸ் வங்கியின் சஃபையர் வகைக் கார்டுகளில் இது முதல்நிலைக் காப்பீடு, அதாவது வேறு இன்சூரன்ஸுக்குக் காத்திராமல் நேராகக் கொடுப்பது. ஒரு வாடகைக்கு 31 நாள் வரைதான் பாதுகாப்பு. வேறு பல கார்டுகளில் இரண்டாம் நிலை, அதாவது வேறு இன்சூரன்ஸ் கொடுத்தது போக மீதிக்குத்தான். அமெரிக்காவில் தம்பி வைத்திருக்கும் சொந்தக் கார் பாலிசி பொதுவாக அந்த நாட்டையும் கனடாவையும் தாண்டாது என்பதால், காரைக்குடியில் அந்த வேறுபாடு பெரிதாக உறுத்தாது. சில கார்டுகள் சில நாடுகளையே விலக்கி வைத்திருக்கின்றன. அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) கார்டின் பட்டியலில் ஆஸ்திரேலியா, இத்தாலி, நியூசிலாந்து உண்டு. இந்தியா தன் கார்டின் விலக்குப் பட்டியலில் இல்லையா என்று தம்பி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகை முழுவதையும் அந்தக் கார்டிலேயே கட்ட வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. நம் ஊரில் "அட்வான்ஸை மட்டும் ஜிபே பண்ணிடுங்க சார்" என்பார்கள். அப்படி வாடகையில் ஒரு பகுதி வேறு வழியில் போனால், அதையே காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க இடமுண்டு.

கல்யாண வீட்டில் எனக்கு மிகவும் பயமாக இருப்பது சாவி கைமாறுவதுதான். கோயில் மாலை வாங்கப் போகணும், சாவியைக் கொடு என்று பங்காளி வீட்டுப் பையன் கேட்பான். இரவு வெகு நேரமாகிவிட்டால் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுவோம். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டும்போது அடிபட்டால் கார்டும் கைவிடும், கார் கம்பெனியும் முழுச் செலவையும் கேட்கும். குலதெய்வம் கோயிலுக்குக் கண்மாய்க்கரை மண்பாதையில் இந்த வண்டியை இறக்கவும் வேண்டாம். சாலையை விட்டு இறங்கிய ஓட்டத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்பது இந்தச் சலுகைகளில் வழக்கமான விதி. சொந்தக்காரர் எல்லாரையும் ஏற்றிக்கொள்ள 12 சீட் வேன் எடுக்கும் யோசனை இருந்தால், ஒன்பது பேருக்கு மேல் ஏறும் வண்டியைப் பல கார்டுகள் சேர்ப்பதில்லை.

லைசென்ஸை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். இந்திய லைசென்ஸ் காலாவதியாகாமல் இருந்தால் கவலையில்லை. முடிந்திருந்தால் அமெரிக்க லைசென்ஸை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது. அங்கேயே, புறப்படுவதற்கு முன்னால், சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு வர வேண்டும். அமெரிக்க லைசென்ஸை வைத்து இங்கே வந்து அதை வாங்க முடியாது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் காரின் பாலிசி, கார்டு இரண்டிலும் சிக்கல்தான்.

கம்பெனியின் சேதத் திட்டத்தை வாங்குவதா வேண்டாமா? கார்டுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் பொதுவாகக் கம்பெனித் திட்டத்தை மறுத்தாக வேண்டும். இங்கே பல நிறுவனங்களில் அது வாடகையோடு சேர்ந்தே வரும், மறுக்க இடமிருக்காது. அப்படியானால் நம் தலையில் விழும் மீதித் தொகையைக் கார்டு தருமா என்று தம்பி கார்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைக்கட்டும். மறுக்க இடமிருந்தாலும், கம்பெனித் திட்டம் விலை நியாயமாக இருந்தால் அதையே வாங்கச் சொல்வேன். கார்டில் கிளெய்ம் செய்ய ஒப்பந்தம், கார்டு ஸ்டேட்மென்ட், படங்கள், விவரமான பழுதுபார்ப்பு பில், காவல் நிலைய அறிக்கை எல்லாம் வேண்டும். நம் பக்கத்தில் சின்ன உரசல் என்றால் பேசி, கையில் பணம் கொடுத்து முடித்துவிடுவோம். அப்படி முடித்தால் கார்டுக்கு அனுப்ப எந்தத் தாளும் மிஞ்சாது, காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கியே ஆக வேண்டும். கல்யாணத்துக்கு நடுவே யார் இதற்கு அலைவது? கம்பெனித் திட்டத்தை வாங்கும்போது டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து வருவதற்கும், பிள்ளைகளோடு பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி போய்வருவதற்கும் கறுப்பு பிளேட் கார் போதும். முகூர்த்தத்துக்கு முந்தின நாளிலிருந்து கல்யாணம் முடியும்வரை டிரைவரோடு மஞ்சள் போர்டு டாக்சி வைத்துவிடுங்கள். அந்த நாட்களில் வாடகைக் கார் சாவி தம்பியின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.