துபாய் வர்த்தகக் குழு: டெமோ கேமராவை எப்படிக் கொண்டு போவது?

அம்பத்தூர் நண்பருக்கு, துபாய் போகும் வர்த்தகக் குழுவில் சேர்வதையும் டெமோ கேமராக்களை சூட்கேஸில் எடுத்துப் போவதையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேருங்கள். ஏற்றுமதி-இறக்குமதிக்கு வேண்டிய ஐஇசி எண் 500 ரூபாய்தான், ஆன்லைனிலேயே வாங்கலாம். அதற்காக ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் உள்ள டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

சூட்கேஸ்தான் வம்பு. இங்கிருந்து போன சரக்குதான் என்று காட்டக் கையில் ஒரு தாள்கூட இல்லாமல், திரும்பி வந்தபோது சுங்கத்தில் மூன்று மணி நேரம் நின்றவன் நான். ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு தரும் ஏடிஏ கார்னெட் வாங்குங்கள்; சரக்கைத் தற்காலிகமாக வரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் சுங்க ஆவணம் அது. ஒவ்வொரு கேமராவின் சீரியல் நம்பரும் அதில் இருக்கட்டும். ஆசைப்பட்டு யாராவது கேட்டாலும் அங்கே விற்றுவிடாதீர்கள், எல்லாம் திரும்பி வர வேண்டும். உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டும்.

தெர்மல் கேமரா உண்டா? ஏற்றுமதிக்கு அனுமதி தேவைப்படும் பொருள்களின் ஸ்கோமெட் பட்டியலை முதலில் பாருங்கள். அதில் வந்தால், டிஜிஎஃப்டி அனுமதி கைக்கு வரும்வரை அதைப் பெட்டியில் வைக்காதீர்கள்.