டீசல் ஃபில்டர் மாற்றியபின் லாரி ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிட்டது, இப்போது செல்ஃப் அடித்தாலும் எடுக்கவில்லை. என்ன செய்வது?

முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். ஃபில்டரைக் கழற்றி மாட்டியபோது லைனுக்குள் காற்று புகுந்திருக்கிறது. முதல் தடவை ஸ்டார்ட் ஆனது பம்ப்பில் மிச்சமிருந்த டீசலால்தான். அது தீர்ந்து காற்று வந்து சேர்ந்ததும் இன்ஜின் நின்றுவிட்டது. டீசலை அமுக்கினால் பிரஷர் ஏறும், காற்றை அமுக்கினால் அது சுருங்கிக்கொள்ளும். பழைய மாடல் வண்டிகளிலேயே, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்க சுமார் 200 பார் (பிரஷர் அளவு) வேண்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் பிரஷரில் டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில், ஓட்டத்தில் 1600 பாருக்கு மேலும் போகும். லைனில் ஏர் இருக்கும்வரை எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் அந்தப் பிரஷர் ஏறாது. போதாக்குறைக்கு, ஹை பிரஷர் பம்ப்புக்கு வழுவழுப்புத் தருவதே டீசல்தான். வறண்டு சுற்றினால் உள்ளே தேயும். பேட்டரி இறங்கினால் சார்ஜ் போடலாம், பம்ப் போனால் பர்ஸ் காலி.

ஃபில்டர் மாட்டும் மேல்பகுதியான ஃபில்டர் ஹெட்டிலோ, டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பிலோ கையால் அமுக்கும் சின்ன பம்ப்பான பிரைமர் இருக்கும். ஃபில்டர் ஹெட்டில் உள்ள ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் லூஸ் செய்துவிட்டு பிரைமரை அடியுங்கள். முதலில் நுரையாக வரும், அப்புறம் குமிழி இல்லாமல் டீசல் வரும். அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை டைட் செய்யுங்கள். கையை எடுத்துவிட்டு டைட் செய்தால் சில வண்டிகளில் மறுபடி காற்று உள்ளே இழுக்கும். அப்புறமும் பிரைமர் கல் மாதிரி இறுகும்வரை அடிக்க வேண்டும். பொறுமையாக அடியுங்கள், கை வலிக்கத்தான் செய்யும். பிரைமர் இல்லாமல் எலக்ட்ரிக் பம்ப் இருந்தால், செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பம்ப் சத்தம் அடங்கியதும் ஆஃப் செய்யுங்கள். இப்படிச் சில முறை.

அதன்பிறகுதான் செல்ஃப். ஒரே மூச்சில் 30 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், இடையில் இரண்டு நிமிடமாவது மோட்டார் ஆறட்டும்.

பழைய வண்டியில் இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் செய்து ஏர் எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் காமன் ரெயில் வண்டியில் ஸ்பானரை வைத்துவிடாதீர்கள். அந்தப் பிரஷரில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்திய அளவு காயம்தான் தெரியும். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. ஸ்டார்ட் ஆக்க காற்று போகும் வழியில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயும் வேண்டாம். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது நேரம் தப்பி வெடிக்கும்.

புது ஃபில்டரில் டீசல் ஊற்றி மாட்டலாமா என்றும் கேட்பார்கள். பம்ப்புக்கு முன்னால் உள்ள கடைசி ஃபில்டரில் நான் ஊற்ற மாட்டேன். நடு ஓட்டை வழியாக ஊற்றினால் பெரும்பாலான ஃபில்டரில் அது வடிகட்டிய பக்கம், கேனில் இருக்கும் தூசி நேராக இன்ஜெக்டருக்குப் போகும். வேறு வழியே இல்லையென்றால் சுற்றியுள்ள சின்ன ஓட்டைகளில் மட்டும் ஊற்றுங்கள்.

இவ்வளவும் செய்து ஸ்டார்ட் ஆகி, மறுபடியும் நின்றால் ஏர் இன்னும் எங்கேயோ புகுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடுவார்கள். டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவே இருப்பது உறிஞ்சும் லைன். அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பழைய ஃபில்டரின் ஓ-ரிங் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடியில் உள்ள வடிகுழாய் முழுசாக மூடியிருக்கிறதா, கழற்றிய பைப் இணைப்பில் (யூனியன்) பழைய காப்பர் வாஷரையே போட்டீர்களா, இதையும் பாருங்கள். எதிலும் பிடிபடவில்லையென்றால் ஃபீட் பம்ப்புக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு கண்ணாடி மாதிரி தெரியும் டியூப் மாட்டி இன்ஜினை ஓட்டுங்கள். குமிழி தெரிந்தால் கோளாறு அதற்கும் டேங்க்குக்கும் இடையில்.

பகலில் நன்றாக ஓடி, ராத்திரி நின்றபின் காலையில் மட்டும் அடம்பிடித்தால் டீசல் டேங்க்குக்கே திரும்பி இறங்குகிறது. அப்போது பிரைமரில் உள்ள, டீசலைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றிப் பாருங்கள், துளி தூசி சிக்கியிருந்தாலும் அது மூடாது.